முப்பத்தெட்டாம் வீட்டு இருமல்

சாவியைத் திருப்பிக் கதவை இழுத்ததும், உள்ளேயிருந்து கடிதங்கள் சரிந்து தூலிக்கியின் காலடியில் கொட்டின. விளம்பரத் தாள்களும் நகராட்சி அறிவிப்புகளும் உறை பிரிக்காத கடிதங்களுமாக முழங்கால் உயரத்துக்கு அடைத்து நின்ற குவியல் அது. கதவிலிருந்த தபால் துளை வழியே ஒவ்வொன்றாக உள்ளே விழுந்து, எடுக்க ஆளில்லாமல் ஏறிக்கொண்டே போயிருந்தது.

பக்கத்தில் நின்ற ஸன்னா ஓர் அடி பின்வாங்கினாள். அவள்தான் அந்தக் குடியிருப்பின் நிர்வாகி. தண்ணீர்க் குழாய்களை மாற்றும் வேலை அடுத்த வாரம் தொடங்க வேண்டும். எல்லா வீடுகளிலிருந்தும் சம்மதக் கையெழுத்து வந்துவிட்டது. முப்பத்தெட்டாம் எண்ணிலிருந்து மட்டும் பதிலே இல்லை. அதற்காகத்தான் திறந்தார்கள்.

"நீங்க முதல்ல போங்க தூலிக்கி. அவரை உங்களுக்குத்தானே தெரியும்" என்றாள் ஸன்னா.

தூலிக்கி காகிதங்களின் மேல் கால் வைத்து உள்ளே போனாள். வீடு வெளியைவிடக் குளிர்ந்து கிடந்தது. கணப்பு முழுதாக அணைந்து கிடந்தது. சமையலறை ஜன்னலின் மேல்கதவு திறந்தபடி இருந்தது, அதன் வழியாகத் துறைமுகத்துக் காற்று வந்துபோய்க்கொண்டிருந்தது. ஜன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலியின் முதுகும், அதன் கைப்பிடியில் கிடந்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் கையும்தான் அவள் கண்ணில் பட்டன. அதற்கு மேல் அவள் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை.

ஸன்னா போன் செய்ததும் காவல்துறையிலிருந்து வந்த இளைஞன் குவியலின் அடியிலிருந்து ஒரு பத்திரிகையை உருவித் தேதியைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முந்தைய நவம்பர். மேசையில் பிரித்து வைத்திருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரலிலும் அதே வாரம். ஏய்னோ ரஸ்தாஸ் இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது என்று சொன்னான். ஓய்வூதியம் வந்து வாடகை தானாகவே போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை, இப்படி நடப்பதுதான் என்று சொல்லி அவளுக்கு ஆறுதலாகத் தலையசைத்தான்.

"இல்லைங்க, தப்பா சொல்றீங்க" என்றாள் தூலிக்கி. "போன வெள்ளிக்கிழமைகூட இருமினாரு."

இளைஞன் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். ஸன்னா அவள் முழங்கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.

தூலிக்கிக்கு ஐம்பத்தெட்டு வயது. பின்லாந்தின் துறைமுக நகரமான கோட்காவில் அந்தக் குடியிருப்பின் மூன்று படிக்கட்டுகளையும் பதினொரு வருடமாகத் துடைத்துவருகிறாள். மூன்றாவது படிக்கட்டுக்குச் செவ்வாயும் வெள்ளியும். ஐந்து மாடி, மாடிக்கு மூன்று கதவு. அங்கே யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. படியில் யாராவது இருக்கும் சத்தம் கேட்டால், அவர்கள் போகட்டும் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்துவிட்டுத்தான் வெளியே வருவார்கள். தூலிக்கியும் அப்படி வளர்ந்தவள்தான். அவளுக்கு அது குறையாகத் தோன்றியதே இல்லை.

முப்பத்தெட்டாம் எண் வேறு மாதிரி. மூன்றாவது மாடியில் நடுக்கதவு. அவளது துடைப்பான் அந்த வாசற்படியைத் தொடும்போது உள்ளேயிருந்து ஒரு சின்ன இருமல் கேட்கும். நோயாளி இருமல் அல்ல. நான் இருக்கிறேன் என்று தொண்டையைச் செருமுவது போல. அவளும் துடைத்தபடியே, "வணக்கம் ரஸ்தாஸ், இன்னைக்கு நல்ல குளிரு" என்றோ, "மழை விட்ட பாடில்ல" என்றோ கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்வாள். அவ்வளவுதான் பழக்கம். விவாகரத்தாகி, ஒரே மகன் சுவீடனில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போன் செய்யும் அவளுக்கு, வாரத்தில் இரண்டு முறை யாரோ தனக்காகத் தொண்டையைச் செருமுவது ஒரு பெரிய விஷயமாக இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த இருமல்தான் இப்போது அவளைத் தூங்கவிடவில்லை. இரண்டு வருடம். வாரத்துக்கு இரண்டு. அத்தனை முறை அவள் கேட்டது என்ன?

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அந்த வருடம் பிப்ரவரியில் முப்பத்தொன்பதாம் எண்ணில் இருக்கும் ஆர்வோ படியிலேயே அவளை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பக்கத்து வீட்டு மனுஷனைக் கொஞ்ச நாளாகக் காணோமே, உள்ளேதான் இருக்கிறாரா என்று கேட்டார். தூலிக்கி சிரித்தபடியே, இருக்கிறார், இப்போதுதான் இருமினார் என்று சொன்னாள். ஆர்வோ தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போனார்.

அவள் அன்று அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், எட்டு மாதம் முன்னமே அந்தக் கதவு திறந்திருக்கும்.

நவம்பர் முதல் வாரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள். சொந்தபந்தம் யாரும் கிடைக்கவில்லை. நகராட்சி ஆட்கள் மேசை நாற்காலிகளை இறக்கிக்கொண்டு போன பிறகு, தரையைக் கூட்டித் துடைக்கும் வேலை தூலிக்கிக்கு வந்தது. முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நடையில் காகிதக் குவியல் இருந்த இடத்தைத் துடைக்கும்போதுதான் பார்த்தாள். பழுப்பு நிற லினோலியத் தரைவிரிப்பில், கதவுக்கு நேர் உள்ளே, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெளுத்த தேய்மானங்கள். துணியால் அழுத்தித் தேய்த்தாள், போகவில்லை. பிறகு அவளுக்குப் புரிந்தது. அழுக்கு என்றால் போகும். இது கால்கள் நின்ற இடம். ஒரு மனிதன் பல வருடம் ஒரே இடத்தில் நின்று, கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் படிக்கட்டைப் பார்த்தபடி, துடைப்பானின் சத்தம் மாடிக்கு மாடி நெருங்கி வருவதைக் கேட்டுக்கொண்டு நின்ற இடம்.

அவள் எழுந்து அந்த இரண்டு தேய்மானங்களின் மேல் தன் கால்களை வைத்து நின்றாள். கண்ணாடி வழியாக வெளியே தெரிந்தது அவளது வாளிதான்.

அப்போதுதான் அந்த நினைவு வந்தது. ஏழெட்டு வருடம் இருக்கும். அவள் காய்ச்சலில் படுத்து ஒரு வெள்ளிக்கிழமை வரவில்லை. அடுத்த செவ்வாய், அந்தக் கதவு அன்று மட்டும் ஒரு சாண் திறந்தது. மெலிந்த, சவரம் செய்த முகம். "வெள்ளிக்கிழமை நீங்க வரலையே" என்றார் ஏய்னோ ரஸ்தாஸ். காய்ச்சல் என்றாள். "அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஒரே ஒரு நாள் அவள் வராமல் போனதை அவர் கேட்டார். அவர் இரண்டு வருடம் இல்லாமல் போனதை அவள் கேட்கவில்லை.

துணியோடு வெளியே வந்து கதவைப் பூட்டி, அதை வாளியில் பிழிந்தாள். வாசற்படியை ஒரு தடவை துடைத்துவிட்டுப் போகலாம் என்று குனிந்தாள். காலி வீட்டுக்குள்ளிருந்து, கதவுக்கு மிக அருகில், அந்தச் சின்ன இருமல் கேட்டது.

வாளி கவிழ்ந்து தண்ணீர் இரண்டாவது மாடி வரை படிப்படியாக இறங்கியது. அதைத் துடைக்காமலே அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஸன்னாவிடம் மூன்றாவது படிக்கட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி கேட்டாள். காரணம் கேட்டபோது முழங்கால் வலி என்றாள். ஸன்னா நல்ல பெண். மற்ற இரண்டு படிக்கட்டுகளிலும் அதே எண்ணிக்கைப் படிகள்தான் இருக்கின்றன என்று அவள் சொல்லிக்காட்டவில்லை.

அப்படி மூன்று வாரம் போனது. நான்காவது வாரம் ஆர்வோ தேடிக்கொண்டு வந்தார். கீழ்த்தளத்துத் துணி துவைக்கும் அறையில் துடைப்பான் துணிகளை அவள் இயந்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது, கதவோரம் வந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

"புதுசா ஒருத்தன் வரான்" என்றார். "காதுல பாட்டை மாட்டிக்கிட்டு, தரைக்கே தெரியாம துடைச்சிட்டுப் போறான். உனக்கு முட்டி வலின்னு ஸன்னா சொன்னா."

தூலிக்கி இயந்திரத்தின் கதவைச் சாத்தினாள்.

"முட்டி வலிக்கிறவ சைக்கிள்ல வரமாட்டா."

"அன்னைக்கு நான் உங்ககிட்ட பொய் சொல்லலை ஆர்வோ" என்றாள் அவள். "நெசமாவே கேட்டேன். இப்பவும் கேக்குது. காலி வீட்டுல இருந்து கேக்குது."

ஆர்வோ துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ கேட்டிருப்ப. நான் இல்லேங்கலை. ஆனா நான் ரெண்டு வருஷமா ஒண்ணுமே கேக்கலை. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சுவரு அட்டை மாதிரி. அவர் ரேடியோ போட்டா எனக்கு நியூஸ் புரியும். அந்த ரேடியோ நின்னுபோச்சு. தண்ணி ஓடுற சத்தம் நின்னுபோச்சு. எனக்குத் தெரியும் தூலிக்கி. தெரிஞ்சுதான் உன்கிட்ட கேட்டேன். இருக்காருன்னு நீ சொல்லணும்னு கேட்டேன். சொன்ன. நான் நிம்மதியா போய் பால் வாங்கிட்டு வந்தேன்."

தூலிக்கி இயந்திரத்தை ஓடவிட்டாள்.

"அந்தக் கதவுல ஒரு மணி இருக்கு" என்றார் ஆர்வோ. "என் வாசல்ல இருந்து நாலு எட்டு. உன் கைக்கு நேரே இருக்கு. நம்ம ரெண்டு பேருல யாரும் அதை அமுக்கலை. இருமல் கேட்டதா கேக்கலையாங்கிறது அப்புறம்."

அடக்கம் டிசம்பர் பன்னிரண்டாம் தேதி நடக்கும் என்று அவர்தான் விசாரித்து வைத்திருந்தார். இருவரும் பேருந்தில் போனார்கள். பகல் ஒரு மணிக்கே சூரியன் மரங்களின் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தது. கல்லறைத் தோட்டத்து ஊழியர் ஒருவர், பாதிரியார் ஒருவர், இவர்கள் இருவர். சாம்பல் கலயத்தைக் குழிக்குள் இறக்கும் கயிற்றைப் பிடிக்க உறவினர் யாராவது உண்டா என்று பாதிரியார் கேட்டார். ஆர்வோ தூலிக்கியைப் பார்த்தார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவள் எண்ணியதைவிடக் கனம் குறைவாக இருந்தது. ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று பாதிரியார் கேட்டபோது அவளுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"வணக்கம் ரஸ்தாஸ்" என்றாள். "இன்னைக்கு நல்ல குளிரு."

அடுத்த செவ்வாய் அவள் தன் பழைய படிக்கட்டுக்கே திரும்பி வந்தாள். கீழ் மாடியில் முதல் கதவுக்கு முன் துடைத்து முடித்ததும், வாளியை வைத்துவிட்டு அழைப்பு மணியை அமுக்கினாள். உள்ளே காலடிச் சத்தம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. திறக்கவில்லை. அவளும் நகரவில்லை. கடைசியில் ஒரு பெண் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம், வணக்கம் சொல்ல வந்தேன் என்றாள் தூலிக்கி. அந்தப் பெண் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்பது போலப் பார்த்தாள். வணக்கம் சொன்னாள். தூலிக்கி அடுத்த கதவுக்குப் போனாள்.

முகம் தெரிய வேண்டும், அல்லது வாய்ப்பேச்சாவது வர வேண்டும். அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. செருமல், காலடி, உள்ளே ஆள் இருப்பது போன்ற உணர்வு இவையெல்லாம் இனிமேல் கணக்கில் இல்லை.

பதினான்கு கதவுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. இரண்டாவது மாடிக்காரர் ஏதாவது ஒழுகுகிறதா என்று பதறி ஓடிவந்தார். நான்காவது மாடி இளம் ஜோடி மத விஷயமாக வந்திருக்கிறாள் என்று நினைத்து, எங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றார்கள். ஆர்வோ கதவைத் திறந்து, "இன்னும் சாகலை. காபி போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போ" என்றார்.

ஐந்தாவது மாடியில் நாற்பத்துநான்காம் எண்ணில் ஹெல்லெவி இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள், எழுபத்தொன்பது வயது. அவள் திறக்கவே இல்லை. "உயிரோடதான் இருக்கேன், போயிட்டு வா" என்று உள்ளேயிருந்து கத்தினாள். வாய்ப்பேச்சு வந்துவிட்டதால் தூலிக்கி அதை ஏற்றுக்கொண்டாள்.

முப்பத்தெட்டாம் எண்ணில் மணியை அமுக்கினால் திறக்க ஆள் இல்லை. துடைப்பான் வாசற்படியைத் தொட்டது. இருமல் கேட்டது. இந்த முறை அவள் ஓடவில்லை. "உங்களைக் கேக்காம விட்டுட்டேன்" என்று கதவைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். அதற்கு உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மீதிப் படிகளைத் துடைக்கப் போனாள்.

ஜனவரிக்குள் ஸன்னாவுக்கு மூன்று புகார்கள் போயின. குடியிருப்போர் கூட்டத்தில் அது பேச்சுக்கு வந்தது. தூலிக்கியையும் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் நடந்த துணி உலர்த்தும் அறையில் அவள் கடைசி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளது வேலை படிகளோடு முடிகிறது, கதவுகள் அதில் சேராது என்று ஸன்னா சங்கடத்தோடு சொன்னாள். மனிதர்களுக்கு நிம்மதியாக இருக்க உரிமை உண்டு என்று இரண்டாவது மாடிக்காரர் சொன்னார்.

ஹெல்லெவி எழுந்தாள். "எனக்கு யாரும் காவல் வேண்டாம். நான் செத்தா நானே சொல்லியனுப்பறேன்."

சிலர் சிரித்தார்கள். ஆர்வோ சிரிக்கவில்லை. அவர் எழுந்து, துவைக்கும் அறையில் தூலிக்கியிடம் சொன்னதை அப்படியே எல்லோர் முன்னாலும் சொன்னார். ரேடியோ நின்றதை, தண்ணீர்ச் சத்தம் நின்றதை, தனக்குத் தெரிந்திருந்ததை, கேட்டுவிட்டுப் பால் வாங்கப் போனதை. தலை குனியாமல் கிரேன் ஓட்டுகிறவர் போல நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு, தூலிக்கிக்கு மணி அடிக்க அனுமதி இல்லையென்றால் பரவாயில்லை, அவள் செவ்வாயும் வெள்ளியும் என்னோடு காபி குடிக்கட்டும், மணியை நான் அடித்துக்கொள்கிறேன், குடியிருப்பவன் அடிப்பதைத் தடுக்க எந்த விதியிலும் இடமில்லை என்றார்.

முதல் மாடிப் பெண், சங்கிலியைக் கழற்றாமல் கதவு திறந்தவள், ஏய்னோ ரஸ்தாஸின் கதவுக்கு இரண்டு மாடி கீழேதான் தன் கதவும் இருக்கிறது, தனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது என்று மெல்லிய குரலில் சொன்னாள். தீர்மானம் எதுவும் போடாமலே ஸன்னா அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். அது சைக்கிள் நிறுத்துமிடம் பற்றியது.

மார்ச்சில் முப்பத்தெட்டாம் எண்ணுக்கு மீர்வா என்ற நகரப் பேருந்து ஓட்டுநர் குடிவந்தாள். நடையில் புது லினோலியம் போட்டிருந்தார்கள். தூலிக்கி முதல்முறை மணி அடித்தபோது, மீர்வா வாயில் பல்துலக்கியோடு கதவைத் திறந்தாள். முன்பு இந்த வீட்டில் யாரோ செத்துக் கிடந்தார்களாமே, உண்மையா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் தூலிக்கி. அவர் பெயரைச் சொன்னாள். அவருக்குச் சவரம் செய்த முகம் என்றும், ஒருநாள் தான் வராவிட்டால் கேட்பார் என்றும் சொன்னாள். மீர்வா பல்துலக்கியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டாள்.

இருமல் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. சில செவ்வாய்களில் கேட்கும், சிலவற்றில் கேட்காது. கேட்கும்போதெல்லாம் தூலிக்கி துடைப்பதை நிறுத்திவிடுவாள். அது பழகிப்போகும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, பழகவும் இல்லை. மணியை அமுக்குவாள். மீர்வா வேலைக்குப் போயிருந்தால் கதவில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கும்: காலை ஷிப்ட், இரண்டு மணிக்கு வந்துவிடுவேன்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நாற்பத்துநான்காம் எண்ணிலிருந்து கத்தல் வரவில்லை.

தூலிக்கி மறுபடி அமுக்கினாள். காத்திருந்தாள். தபால் துளையைத் தூக்கி ஹெல்லெவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். உள்ளே குளிர்சாதனப் பெட்டி ஓடும் சத்தம் தவிர வேறெதுவும் இல்லை. இரண்டு மாடி இறங்கி ஆர்வோவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆர்வோ கதவைக் குத்தினார். நான்காவது மாடி ஜோடியில் அந்தப் பையன் வெறுங்காலோடு ஏறிவந்து நின்றான். தூலிக்கி ஸன்னாவுக்குப் போன் செய்து சாவியால் திறக்க அனுமதி கேட்டாள். ஸன்னா உடனே வருவதாகச் சொன்னாள், தான் வரும்வரை தொடாதீர்கள் என்றாள். எல்லோரும் நின்றார்கள். தூலிக்கி கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, இந்தத் தடவை வேண்டாம், இந்தத் தடவை வேண்டாம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

படியில் காலடி கேட்டது. ஸன்னா என்று நினைத்து எல்லோரும் திரும்பினார்கள். ஹெல்லெவி ஏறி வந்துகொண்டிருந்தாள். புதிதாக வெட்டிச் சுருள்விட்ட தலைமுடி, கையில் கைப்பை.

"என் வாசல்ல என்ன கூட்டம்?"

ஆர்வோதான் சொன்னார். "முடி வெட்டிக்கப் போயிருந்தீங்களா? நல்லாருக்கு."

ஹெல்லெவி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். வெறுங்காலோடு நின்ற பையனைப் பார்த்தாள். கதவில் சாய்ந்திருந்ததில் தூலிக்கியின் நெற்றியில் பதிந்திருந்த சிவந்த தடத்தைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று தூலிக்கி காத்திருந்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"இருபது நிமிஷம் இருக்கும்" என்றாள் தூலிக்கி.

ஹெல்லெவி கைப்பையைத் திறந்து சாவியைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள். சாவித் துளையில் நுழைக்க முதல் இரண்டு முறை முடியவில்லை. மூன்றாவது முறை நுழைந்தது. உள்ளே போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டு, அங்கேயே நின்றாள்.

"அடுத்த செவ்வாய் பத்தரைக்கு எனக்கு பல் டாக்டர்" என்றாள், யாரையும் பார்க்காமல். "பன்னெண்டுக்கு வந்துடுவேன். சொல்லிட்டேன்."

கதவு மூடியது. பையன் கீழே போனான். ஸன்னாவுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்று சொல்வதற்காக ஆர்வோ தன் கண்ணாடியைத் தேடிக்கொண்டு போனார். வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது. தூலிக்கி கீழே இறங்கி அதைக் கொட்டிவிட்டு, சுடுதண்ணீர் பிடித்து, சோப்பைக் கரைத்து, ஐந்தாவது மாடிக்குத் திரும்ப ஏறினாள். நாற்பத்தைந்தாம் எண் இன்னும் பாக்கி இருந்தது.